துணிக்காரம்மா என்று நினைத்துவிட்டேன்

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாராவது எதிரே வந்தால் கண் தானாகக் கீழே போய்விடும். அதனால் செருப்பை வைத்தும் சேலைக் கரையை வைத்தும்தான் நான் ஆட்களை அடையாளம் வைத்துக்கொள்வேன். பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சரின் முகம் இன்றைக்கு நினைவில் இல்லை. அவர் சேலைக்குக் கீழே, பாவாடை ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூல் நினைவிருக்கிறது.

அந்தப் பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு இருபது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனேன். அங்கே எல்லாருக்கும் ஒரே வேஷம். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் தார்ப்பாய்த் துண்டு, தலையில் துண்டு, காலில் பூட்ஸ். பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும். சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தச் சட்டையை அவள் வீட்டுக்காரர் யார் கல்யாணத்துக்கு எடுத்தார் என்பதுகூட ஞாபகம் இருக்கும்.

முட்டி தேய்ந்தபோது மலைச்சரிவில் ஏற முடியாமல் போனது. கேரளப் பக்கம் சூரியநெல்லிக்கு மேலே ரோட்டோரமாக இருக்கும் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யச் சேர்ந்தேன். அங்கேயும் ஆட்களை நான் பார்ப்பது குறைவு. அவர்கள் ஜீப்பில் வெளியே போன பிறகுதான் நாங்கள் உள்ளே போவோம். கட்டிலிலும் நாற்காலியிலும் கிடக்கும் துணிகளை வைத்து இவர் இப்படி, அவர் அப்படி என்று மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன். பல தடவை தப்பாகப் போயிருக்கிறது. முட்டி கிழிந்த பேன்ட் போட்ட பெண் ஒருத்தி போகும்போது போர்வையை மடித்து, குப்பையை ஒரு பையில் கட்டி வைத்துவிட்டுப் போனாள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைகளாக மாட்டி வைத்திருந்த பெரிய மனிதர் ரிசார்ட் துண்டை எடுத்து ஷூவைத் துடைத்துப் போட்டிருந்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. அடுத்த அறையைத் திறந்ததும் மறுபடி துணியைத்தான் பார்ப்பேன்.

வருகிறவர்கள் எதையாவது மறந்துவிட்டுப் போவார்கள். பாதிப் பேர் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைக்கிறேன். குளிருக்கென்று வாங்கியதைத் திரும்ப எதற்குச் சுமப்பது? அதையெல்லாம் மூன்று மாதம் ஸ்டோரில் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டு வராவிட்டால் சூப்பர்வைசர் எங்களுக்குள் பிரித்துக் கொடுப்பார். எங்கள் எஸ்டேட் லயத்தில் வரிசையாக எட்டு வீடு. அதில் ஐந்து வீட்டிலிருந்து யாராவது ஒருவர் ரிசார்ட் வேலைக்குப் போகிறோம். மிச்ச மூன்று வீட்டுக்கும் நாங்கள் கொடுப்போம். அதனால் எங்கள் கொடிக்கயிற்றில் காய்வதெல்லாம் பெரிய பெரிய ஊர்க்காரர்களின் துணி. என் வீட்டுக்காரர் ஃபாக்டரிக்குப் போட்டுக்கொண்டு போன பனியனில் எந்த நாட்டிலோ நடந்த ஓட்டப் பந்தயத்தின் பெயர் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டு மதினி பனிமலையில் சறுக்கி விளையாடுகிறவர்கள் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு மாட்டுக்குப் புல் அறுப்பார். எங்களுக்கு அது விசேஷமாகத் தெரியாது. கிடைத்ததைப் போட்டோம், குளிர் தாங்கியது, அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது ஒரு கோட்டு. மெரூன் நிறம், முழங்கால் வரை நீளம். கழுத்தைச் சுற்றிப் பூனை வால் போல மயிர் வைத்துத் தைத்திருந்தது. ஜிப்பு போயிருந்தது. உள்பக்கமாக ஐந்து கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டேன். வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டுக்காரருக்கு அடுத்த வருஷம் ரிட்டயர். எஸ்டேட்டில் ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீஸில் கொடுக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேருமே இந்த மலையில் பிறந்தவர்கள். கீழே தமிழ்நாட்டுப் பக்கமும் எங்களுக்கு ஒரு சென்ட் இடம் இல்லை. மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் குடியிருக்கும் ஒற்றை அறையில் அவர்களுக்கே கால் நீட்ட இடமில்லை. ஆகவே நிலமும் வீடும் இல்லாதவர்களுக்கு வீடு கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பஞ்சாயத்தில் மனு எழுதிக் கொடுத்தோம், இங்கே அபேக்ஷை என்பார்கள். எட்டு வீட்டுக்காரர்களும்தான் கொடுத்தோம். நேரில் வந்து பார்ப்பார்கள், பார்த்த பிறகுதான் லிஸ்ட் என்றார்கள்.

அன்றிலிருந்து லயமே காத்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் வருவார்கள், இரண்டு ஆம்பளைகள், பேன்ட் சட்டை, கையில் ஃபைல், பேச்சு மலையாளம். இப்படித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மதினிதான் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர்.

"மிக்ஸியத் தூக்கிச் சாக்குக்குள்ள போடு. டீவி மேல ஒரு பழைய சேலயப் போத்திவிடு."

"டீவி எல்லார் வீட்லயும்தான இருக்கு மதினி?"

"இருக்கும். அதுக்காக வர்றவன் கண்ணுல படணுமா?"

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஆளுக்கொரு கிழிந்த சேலை தொங்கவிட்டிருந்தோம். ஜீப் சத்தம் கேட்டதும் மாற்றிக்கொள்வதற்கு. அதற்கு 'ஆபீசர் சேலை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. விடாத மழை. எதிர் லயம் தெரியாத அளவுக்கு மஞ்சு மூடியிருந்தது. கோட்டைப் போட்டு மயிர்க் காலரைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் பெண் குரல்.

"அக்கா, வீட்ல ஆள் இருக்கீங்களா?"

எழுந்து போனேன். வழக்கம்போலக் கீழேதான் பார்த்தேன். வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. முழங்கால் வரை சேறு தெறித்த சுடிதார், சாயம் போனது. ஒரு கம்பி ஒடிந்து மடங்கிய குடை. தோளில் பெரிய பை, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. எனக்கு அதுவே போதும். துணிக்காரம்மா.

சனிக்கிழமை போடியிலிருந்து துணிக்காரம்மாக்கள் வருவது வழக்கம். காலை பஸ்ஸில் போடிமெட்டு ஏறி வந்து, நைட்டி, பாவாடை, போர்வை என்று ஒவ்வொரு லயமாகக் கொண்டுபோவார்கள். எல்லாம் தவணைக்கு. ஆள் மாறி மாறி வரும். பேச்சில் அவர்களை ஜெயிக்க முடியாது. வேண்டாம் என்றால், "கட்ட வேணாங்க்கா, சும்மா தொட்டுப் பாருங்க" என்பார்கள். இதற்கு எங்கள் லயத்தில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். சீக்கிரமே கீழே போகப்போகிறோம், அங்கே சொந்த வீடு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். மலையை விட்டுப் போகிறவளுக்கு யார் தவணைக்குத் துணி கொடுப்பார்கள்? இதை முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. கொஞ்ச நாளில் எல்லார் வாயிலும் தானாக வந்துகொண்டிருந்தது. என்னைப்போல் பேச வராதவளுக்கு அது பெரிய உதவி.

"லிஸ்ட்ல இந்த வீடும் இருக்குக்கா. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் அந்தப் பெண்.

துணிக்காரம்மாக்களிடமும் லிஸ்ட் இருக்கும். நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டே நின்றேன்.

"வீட்டுக்காரர் பெர்மனென்டாக்கா?"

"ஆமா."

"சர்வீஸ் இன்னும் எத்தன வருஷம் இருக்கு?"

தவணை கொடுக்கும் முன் இதையும் கேட்பார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. கண் எரிந்தது.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா. எல்லாம் இருக்கு. அடுத்த மாசம் நாங்க கீழ போயிருவோம்."

"கீழயா? கீழ எங்கக்கா?"

"கம்பத்துல. சொந்த வீடு இருக்கு."

 குடையிலிருந்து தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கோட்டு நல்லாருக்குக்கா. வெளிநாட்டுதா?"

யாரோ விட்டுவிட்டுப் போனது என்று சொல்லியிருக்கலாம். துணி விற்கிறவளிடம் அதை ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "மக எடுத்துக் குடுத்தா" என்றேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை. சுடுதண்ணீராகக் கொடுத்திருக்கலாம், அதுவும் தோன்றவில்லை. பிளாஸ்டிக் தாளை விலக்கிப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, படியில் ஒரு காலை வைத்து, தொடைமேல் நோட்டை வைத்து ஏதோ எழுதினாள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் போனாள். மதினியின் குரல் கேட்டது, என்ன பேசினார் என்று கவனிக்கவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு மறுபடி அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன்.

லிஸ்ட் ஐப்பசியில் வந்தது. வார்டு மெம்பர் அதைப் படம் எடுத்து எல்லார் ஃபோனுக்கும் அனுப்பியிருந்தார். எங்கள் பேர் இல்லை. தள்ளிப்போனவர்களுக்கு அவரவர் பேர் இருக்கும் இடத்தை மட்டும் தனியாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், அதில் இருந்தது. பேருக்கு நேராக மலையாளத்தில் ஒரு வரி. வீட்டுக்காரருக்கு மலையாளம் படிக்கத் தெரியும். ஃபோனைத் தள்ளிப் பிடித்து, மெதுவாகப் படித்துச் சொன்னார்.

"கம்பத்தில் சொந்த வீடு உண்டு. அங்கே குடிபோகிறார்கள்."

 மழை, குடை, ஊக்கு குத்திய செருப்பு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒளிக்காமல் சொன்னேன். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஃபோனை மேலே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அந்தச் சாவியக் குடு."

"எந்தச் சாவி?"

"கம்பத்து வீட்டுச் சாவி. பூட்டியே கெடக்குல்ல? போய்க் கூட்டிப் பெருக்கிட்டு வர்றேன்."

அதன்பிறகு மூன்று நாள் அவர் என்னோடு வேறு எதுவும் பேசவில்லை. சோற்றுக்குக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். திட்டியிருந்தால் தேவலாம்.

மதினி காதுக்கு விஷயம் போனதும் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏத்தா, ஆபீசரம்மாவுக்கே பங்களா காட்டி அனுப்புனவ நீதானா? பூனை வால் கோட்டும் போட்டுக்கிட்டு! எலிசபெத்து ராணின்னு நெனச்சிருப்பா."

"ஆபீசர் தமிழ்ல பேசுவாங்கன்னு யாரு கண்டா மதினி?"

"காந்தலூர்க்காரப் பொண்ணாம்ல. அங்கயும் தமிழுதான. கேட்டா என்ன, நீ யாருத்தான்னு ஒரு வார்த்த?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மதினியின் பேரும் லிஸ்ட்டில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஆதார்ல எழுத்துப் பிசகாம்" என்றார். லயத்தில் ஒரு வீட்டுப் பேரும் வரவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். நான் மட்டும்தான் வாயால் கெட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்சேபம் இருந்தால் ஒரு புதன்கிழமை நேரில் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. என்ன சொல்வது என்பதைவிட என்ன கட்டிக்கொண்டு போவது என்பதுதான் லயத்தில் பெரிய பேச்சாக இருந்தது. கொழுந்து எடுக்கும் சட்டையோடு போனால் பார்த்ததும் தெரியும் என்றார் ஒருவர். வேண்டாம், நடிப்பு என்று சொல்லிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். கடைசி வீட்டுப் பெண்ணுக்குத் தன் ஆபீசர் சேலை போதிய அளவு கிழியவில்லை என்று தோன்றியது. எதிர் லயத்தில் போய்க் கடன் வாங்கி வந்தாள்.

எனக்கு இந்தப் பேச்சே சலிப்பாக இருந்தது. அன்றைக்கு எனக்கு அரை நாள்தான் லீவு. மத்தியானம் வேலைக்குப் போக வேண்டும். திரும்ப வந்து உடை மாற்ற முட்டி இடம் கொடுக்காது. ஆகவே ரிசார்ட் யூனிஃபார்மிலேயே கிளம்பினேன். கருப்பு பேன்ட், காலர் வைத்த நீண்ட மேல்சட்டை, கருப்பு ஷூ. மதினி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஷேர் ஜீப்பில் ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஏழு பெண்கள், ஏழு பேர் சேலையிலும் கிழிசல்.

"என்னக்கா, எல்லாரும் சேந்து எங்க? எழவு வீட்டுக்கா?"

"ஆமாப்பா. ஒன் மாமியா வீட்டுக்கு" என்றார் மதினி.

பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தா முழுக்கப் பெண்கள். வேறு லயங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். எல்லாரும் இருப்பதிலேயே மோசமானதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தேவாலயத்திலும் திருவிழாவிலும் நல்ல சேலையோடு பார்த்த பெண்கள்தான். ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோல நின்றார்கள். நான் ஓரமாக நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர் என்னை மட்டும் கை காட்டிக் கூப்பிட்டார்.

"ஏது ரிசோர்ட்டா? லைசென்ஸின்டெ காரியமாணோ? இரிக்கு, இரிக்கு."

ரிசார்ட்டிலிருந்து லைசென்ஸ் விஷயமாக யாரையோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முட்டிக்கு நன்றாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. எதிரே மதினி வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து மேசைக்காரர் பேப்பர் கேட்டார். நான் வீட்டு அபேக்ஷையை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  பேனாவால் வராந்தாவைக் காட்டினார். நாற்காலி உடனே வேறு யாருக்கோ போனது. நான் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றேன்.

உள்ளே கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. மெம்பர் ஒரு பக்கம், இன்னொரு ஆபீசர் ஒரு பக்கம், நடுவில் கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலையில் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை. கூட்டம் அதிகம் என்று எங்கள் லயத்துக்காரர்கள் எட்டுப் பேரையும் ஒன்றாகவே நிற்க வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். மேசைக்கு அடியில் அவள் காலில் நல்ல தோல் செருப்பு. யாரோ பெரிய ஆபீசர் என்றுதான் நினைத்தேன். குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"கம்பத்து வீடுன்னு எழுதிருக்கேன். நீங்க கோட்டுப் போட்டிருந்த அக்காவா?"

யூனிஃபார்மில் அவளுக்கும் என்னைத் தெரியவில்லை.

வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துவைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "கம்பத்துல வீடில்லம்மா" என்றேன். "எங்கயும் இல்ல. கோட்டு ரிசார்ட்ல யாரோ விட்டுட்டுப் போனது. ஜிப்புகூடக் கெடயாது. ஒங்களத் துணிக்காரம்மான்னு நெனச்சுட்டேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மெம்பரும் சிரித்தார். என் பின்னாலிருந்து மதினியின் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை. நோட்டை நாலு பக்கம் புரட்டினாள். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயசுதான். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

"அன்னைக்கு ஒங்க லயத்துல எட்டு வீட்லயும் இதத்தான்கா சொன்னாங்க. நாலு பேருக்குக் கம்பத்துல வீடு. மூணு பேருக்குப் போடில. ஒங்க பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தேனில மாடி வீடு."

 யாரிடமோ கடன் வாங்கிய சேலையைக் கட்டி வந்தவர்போல் மதினி முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டார்.

"நானா ஒண்ணும் எழுதல. நீங்க சொன்னத எழுதுனேன்."

"யாருன்னு சொல்லிருந்தா..." என்றேன்.

"மொதல்ல சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேங்க்கா. சொன்னா மிக்ஸி சாக்குக்குள்ள போயிருது. டீவி மேல சேல ஏறிருது. நிஜத்த யாருகிட்ட போய்ப் பாக்குறது? சொல்லாமப் போனா கம்பத்துல வீடு இருக்கு." நோட்டை மூடினாள். "ஒரு வாய் டீ குடுக்கல ஒருத்தரும். அன்னைக்குப் பதினோரு மணிலேர்ந்து மழைல நடந்தேன்."

திரும்ப ஒரு தடவை வந்து பார்ப்பதாகச் சொன்னாள். எப்போது என்று மதினி கேட்டார். "அதச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஜீப்பில் திரும்பும்போது யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. மதினி மட்டும் பாதி வழியில், "மாடின்னு சொன்னது கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் எங்கள் லயத்துக்குப் பையோடு வந்த எந்தப் பெண்ணும் டீ குடிக்காமல் போகவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். தலை துவட்டத் துண்டு கொடுத்தோம். சொந்தமாக ஒன்றும் இல்லை, போவதற்கும் இடமில்லை என்று கேட்காமலேயே சொன்னோம். போடியிலிருந்து வந்த துணிக்காரம்மா ஒருத்தி மிரண்டுபோனாள்.

"என்னக்கா, போன தடவ கம்பத்துக்குப் போறோம்னீங்க?"

"போகல. டீக்கு இனிப்புப் போதுமா பாரு" என்றார் மதினி.

கொடிக்கயிற்றில் நல்ல துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டோம். வீட்டுக்குள்ளேயே காய்ந்து எல்லாம் பூசணம் பிடித்தது. நான் கோட்டை டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்தேன். மார்கழி, தை இரண்டு மாதமும் பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினேன். பிறகு ஒரு நாள் காலை அலுத்துவிட்டது. இருமல் நெஞ்சைப் பிடித்திருந்தது. வந்தால் வரட்டும், பார்த்தால் பார்க்கட்டும் என்று கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே அந்த ஆபீசரம்மா வந்தாள் என்று சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். அன்றைக்கு வரவில்லை. ஒன்பது நாள் கழித்து வந்தாள். அதே பை, புதுக் குடை. நான் கோட்டோடு வாசலில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு அறையையும் பார்த்தாள். மிக்ஸி அடுப்புத் திட்டில் இருந்தது, டீவி திறந்தே இருந்தது. டீயை முழுக்கக் குடித்தாள். ஃபோனை எடுத்து, "வாசல்ல நில்லுங்க, ஒரு படம் எடுக்கணும்" என்றாள்.

"சேல மாத்திட்டு வந்துரவா? இத மட்டுமாவது கழட்டிடவா?"

"வேணாங்க்கா. இருமுறீங்கல்ல. அப்படியே நில்லுங்க."

பஞ்சாயத்து ஃபைலில் நான் பூனை வால் காலரோடுதான் நிற்கிறேன்.

அடுத்த லிஸ்ட்டில் எங்கள் பேர் வந்தது, கடைசிப் பக்கத்தில். எட்டு வீட்டுப் பேரும் அங்கேதான் இருந்தது. முதல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கே இன்னும் இடம் பார்க்கவில்லை என்றார் மெம்பர். முதல் லிஸ்ட்டிலேயே வந்திருந்தால் நடுப்பக்கத்திலாவது இருந்திருப்போம். இதை வீட்டுக்காரர் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

பங்குனியோடு அவர் ரிட்டயர் ஆனார். சித்திரையில் சாவியைக் கொடுத்தோம். சூரியநெல்லிக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது, அவர்தான் போய்ப் பேசி முடித்தார். கட்டிலும் பாத்திரமும் ஒரு நடையில் போய்விட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் துணி. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் எங்களிடம் சேர்ந்திருந்தது அதுதான், யார் யாரோ விட்டுவிட்டுப் போன துணி. பழைய சேலைகளில் கட்டினேன், ஒன்பது மூட்டை வந்தது. அவர் கட்டிலோடு முதலில் போய்விட்டார். நான் மூட்டைகளோடு இரண்டாம் நடை ஜீப்பில் போய் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டைக் கையில் பிடிப்பதைவிட மேலே போட்டுக்கொள்வது சுலபம் என்று போட்டிருந்தேன், சேறு பட்டு ஓரமெல்லாம் நனைந்திருந்தது. எந்தக் கதவு என்று தெரியவில்லை. இரண்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"அக்கா, வீட்ல ஆள் இருக்கீங்களா?"

ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுடைய காலில் பூப்போட்ட வீட்டுச் செருப்பு இருந்தது. அந்தக் கால் அசையவில்லை. அவள் என் மூட்டைகளைப் பார்த்திருப்பாள்.

"ஒண்ணும் வேணாம்மா. எல்லாம் இருக்கு. நாங்க அடுத்த மாசம் ஊருக்குப் போறோம்."

கதவு சாத்திக்கொண்டது. நான் படியில் மூட்டைகளை இறக்கி வைத்தேன். தட்டி விவரம் சொல்லியிருக்கலாம். முட்டி வலித்தது. மூட்டை மேலேயே உட்கார்ந்து, அவர் பின்கட்டிலிருந்து தேடிக்கொண்டு வரட்டும் என்று இருந்தேன்.